யார் ‘காலமானார்’, யார் ‘செத்தான்’? மரணச் செய்திக்குள் புகும் அரசியல்

பத்திரிகையில் ஒருவர் இறந்த செய்தி வந்தால் வாசகர் முதலில் பார்ப்பது வயதை, அடுத்தது படத்தை. ஆனால் இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு அதற்கு முன்பே, வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. ‘காலமானார்’ என்றால் பெரிய மனிதர். ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்றால் அநியாயச் சாவு. ‘சுட்டுக் கொல்லப்பட்டான்’ என்றால் அவன் கொள்ளைக்காரன், பயங்கரவாதி. தமிழில் எழுதும் செய்தியாசிரியருக்கு நடுவில் நிற்க இடமே கிடையாது. ‘ஆர்’, ‘ஆன்’ இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். மலாய் மொழியிலும் இந்தப் படிநிலை உண்டு. சுல்தான் என்றால் ‘மங்காட்’, மரியாதைக்குரியவர் என்றால் ‘மெனிங்கால் டுனியா’, வேண்டாதவர் என்றால் வெறும் ‘மாத்தி’.

இந்தத் தேர்வை உண்மையில் செய்வது யார் என்பதை 2013 செப்டம்பர் 16ஆம் நாள் நன்றாகக் காட்டியது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த சின் பெங் அன்று பேங்காக்கில் இறந்தார். அன்று மலேசிய தினம். சித்தியவானில் 1924இல் பிறந்தவர் அவர். ஜப்பானியர் காலத்தில் பிரிட்டிஷாரோடு சேர்ந்து போராடியதற்காக ஓ.பி.இ. விருது பெற்று, பிறகு அதே பிரிட்டிஷாரால் தேடப்பட்டவர். 1955இல் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானோடு பேசியதும், 1989இல் ஹட்யாயில் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டதும், அவசரகாலத்தில் பல்லாயிரம் பேர் மாண்ட ஒரு போரை நடத்தியதும் அவரேதான். இவற்றில் எது முதல் பத்தியில் வரும் என்பதுதான் கேள்வி. ‘நியூயார்க் டைம்ஸ்’ அவரைக் கிளர்ச்சியாளர் என்று குறிப்பிட்டது. உள்நாட்டுச் சீன ஏடுகள் அவர் வாழ்க்கை வரலாற்றை விரிவாக வெளியிட்டன. மலாய் ஏடுகளில் பயங்கரவாதி, துரோகி என்ற சொற்களும், அவருடைய சாம்பலைக்கூட நாட்டுக்குள் விடக்கூடாது என்ற குரலும் முன்னால் நின்றன. அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்று உண்டு. அது ஜொகூரில் இருக்கிறது: புக்கிட் கெப்போங்.

மூவார் ஆற்றங்கரையில் மரத்தால் கட்டிய சிறிய போலீஸ் நிலையம் அது. 1950 பிப்ரவரி 23, விடியுமுன்னே, ஏறக்குறைய 200 கம்யூனிஸ்டுகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். சார்ஜன் ஜமில் தலைமையில் இருந்தவர்கள் சரணடைய மறுத்து மணிக்கணக்கில் போராடினார்கள். நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. போலீஸாரில் பெரும்பாலோரும், குடியிருப்பில் இருந்த பெண்கள் குழந்தைகள் சிலரும் மாண்டார்கள். 1981இல் ஜின்ஸ் ஷம்சுடின் இதைப் படமாக எடுத்தார். தொலைக்காட்சியில் பலமுறை பார்த்துப் பார்த்து, ஒரு தலைமுறைக்கே அவசரகாலம் என்றால் அந்தப் படம்தான் என்றாகிவிட்டது.

தாக்குதலில் சம்பந்தப்பட்டவராகச் சொல்லப்படும் மாட் இண்ட்ரா என்பவரும் ஜொகூர்க்காரர்தான். மலாய்க்காரர், சமயக் கல்வி பெற்றவர். 1952இல் பிடிபட்டு, 1953 ஜனவரி 30இல் தைப்பிங் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டிஷாரின் பார்வையில் அது ஒரு பயங்கரவாதியின் முடிவு. ஆனால் ஜொகூர் பாரம்பரிய அறவாரியம் பிற்காலத்தில் வெளியிட்ட ‘பெங்குகிர் நாமா ஜொகூர்’ என்ற நூலில், மாநிலத்துக்குப் பெயர் தேடித் தந்தவர்கள் வரிசையில் அவரும் இருக்கிறார்! அதை எதிர்த்து அப்போது யாரும் கொடி பிடிக்கவில்லை.

2011 ஆகஸ்டில் பாஸ் கட்சியின் துணைத்தலைவராக இருந்த மாட் சாபு பினாங்கில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, பிரிட்டிஷாரை எதிர்த்த மாட் இண்ட்ராவும் வீரரே என்றார். அம்னோவின் கையில் இருந்த ‘உத்துசான் மலேசியா’ அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. மாட் சாபு கம்யூனிஸ்டுகளைப் போற்றுகிறார் என்பதே செய்தி. அடுத்த மாதமே, புக்கிட் கெப்போங் போலீஸாரையும் அவர்கள் குடும்பத்தாரையும் அவதூறு செய்ததாக அவர் மீது குற்றவியல் வழக்கு பாய்ந்தது. பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. 58 ஆண்டுகளுக்கு முன் தூக்கில் தொங்கியவர் திடீரென்று தலைப்புச் செய்தி ஆனது அதனால்தான் என்று நினைத்தால் தப்பில்லை. அதே மாட் சாபு 2018இல் தற்காப்பு அமைச்சரானார் என்பது வேறு கதை.

ஆனால் அந்தப் போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்கு இது அரசியல் விளையாட்டு அல்ல. தீயில் வெந்தவர்கள் அவர்களுடைய அப்பாக்கள், அம்மாக்கள். அவர்களுடைய வேதனையைக் கருவியாக எடுத்துக்கொண்ட ஏட்டைக் குறை சொல்லலாம். வேதனையைக் குறை சொல்ல முடியாது.

தமிழர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மார்ச்சில் கைதானார். மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசு கருணை காட்டும்படி கேட்டும் பயனில்லை. இந்தியாவில் அது ஒரு தொழிலாளர் தலைவரின் மரணம். மலாயாவின் அரசாங்க மொழியிலோ, ஆயுதம் ஏந்திய யாரும் ‘பேண்டிட்’தான், அதாவது கொள்ளைக்காரன். 1952இல் அந்தச் சொல்லை மாற்றி ‘கம்யூனிஸ்ட் பயங்கரவாதி’ என்று எழுதச் சொன்னதும் அரசாங்கம்தான்.

ஜொகூரில் 1948 செப்டம்பரில் கைதான சம்பசிவம் என்ற தமிழரின் வழக்கை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். அவர் மீதும் ஆயுதக் குற்றச்சாட்டுதான். அவருக்கும் தூக்குத் தண்டனைதான். தோட்டாக்கள் வைத்திருந்த குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டவரை, துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுபடி விசாரித்து தண்டித்தார்கள். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. ஒரு குற்றத்தில் விடுதலை ஆனவர் அந்தக் குற்றத்தைச் செய்யாதவர் என்றே அடுத்த விசாரணையும் ஏற்கவேண்டும் என்று கூறி, 1950இல் தண்டனையை ரத்து செய்தார்கள். சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. மேல்முறையீடு இலண்டனை எட்டியிராவிட்டால் அவரும் ‘தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரன்’ என்று ஒரு வரியில் முடிந்திருப்பார்.

ஏடுகள் ஏன் இப்படி எழுதுகின்றன? காரணம் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. ‘உத்துசான்’ ஏட்டை 1961இல் அம்னோ கைப்பற்றியபோது ஆசிரியர் சாயிட் சஹாரி தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். ‘ஸ்டார்’ ம.சீ.ச.வின் கையில். ம.இ.கா. தலைவராக இருந்த டத்தோஸ்ரீ சாமிவேலுவின் குடும்பத்திடம் இருந்தது ‘தமிழ் நேசன்’, 2019இல் அது நிற்கும்வரை. போதாக்குறைக்கு 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி, 2012வரை ஒவ்வோர் ஆண்டும் உள்துறை அமைச்சரிடம் உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டும். அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு இரவு 10 மணிக்குத் தலைப்புப் போடும் துணையாசிரியர், ‘துரோகி’ என்ற சொல்லை எடுப்பாரா, ‘தலைவர்’ என்ற சொல்லை எடுப்பாரா? யாரும் தொலைபேசியில் மிரட்டத் தேவையில்லை.

மற்ற செய்திகளில் சாய்வு இருந்தால் மறுப்பறிக்கை வரும், வழக்கு வரும். மரணச் செய்தியில் மறுக்கவேண்டியவர் இல்லை. பிள்ளைகள் துக்கத்தில் இருப்பார்கள். பத்திருபது ஆண்டு கழித்து வரலாறு எழுத வருபவர் அந்தப் பழைய ஏட்டைத்தான் ஆதாரமாகப் புரட்டுவார்.

சின் பெங்கின் சாம்பல் 2019 செப்டம்பர் 16இல், அவர் இறந்த அதே தேதியில், யாருக்கும் தெரியாமல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு லூமுட் கடலிலும் தித்திவங்சா மலைத்தொடரிலும் தூவப்பட்டது. செய்தி வெளியே வந்தது நவம்பரில். போலீஸ் விசாரணை நடந்தது, அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள், புக்கிட் கெப்போங் மறுபடியும் பேச்சில் அடிபட்டது.