எச்சரிக்கைச் சங்கிலி அறுந்துவிடலாகாது

2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவை அண்டிய கடலடியில் நிலம் நடுங்கியபோது இலங்கையில் நேரம் ஏழு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் இருந்த மக்களுக்கு அந்த அவகாசம் பயன்படவில்லை. பூமியதிர்ச்சியை ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதிவுசெய்திருந்தது. ஆயினும், அலை புறப்பட்டதை அறிவிக்கும் ஆழ்கடல் உணரிகள் இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. செய்தியைக் கரைக்குக் கொண்டுவரும் வழியும் இருக்கவில்லை.

பின்னர் நிலைமை மாறியது. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2007 இல் இந்தியா ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையத்தை அமைத்தது. திருகோணமலை, கொழும்பு, கிரிந்தை ஆகிய இடங்களில் கடல்மட்ட மானிகளும், கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் நிறுவப்பட்டன. ஆனால், கருவிகளை நிறுவுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

ஆழ்கடல் உணரி வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். கடலடியிலுள்ள கருவி நீரின் அழுத்த மாற்றத்தை அளந்து, மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியலை மூலம் அனுப்புகிறது. மிதவை அதனைச் செய்மதிக்கும், செய்மதி எச்சரிக்கை நிலையத்துக்கும் சேர்ப்பிக்கின்றன. மிதவையின் கயிறு அறுந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ, அடியிலுள்ள கருவி அறிந்ததெல்லாம் ஊமை கண்ட கனவாகிவிடும்.

இந்தோனேசியாவின் அனுபவம் இதற்குச் சான்று. அந்நாட்டின் எச்சரிக்கை மிதவைகள் 2012 முதல் இயங்காதிருந்தன. பராமரிப்புக்கு நிதியில்லாமையும் மிதவைகள் சேதமாக்கப்பட்டமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2018 செப்டெம்பர் 28 இல் பாலு நகரைத் தாக்கிய அலை சில நிமிடங்களிலேயே கரையேறியதால், மிதவைகள் இருந்திருந்தாலும் அங்கே பெரிதும் உதவியிருக்கமாட்டா. ஆனால் பூமியதிர்ச்சியால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டதால், விடுக்கப்பட்ட எச்சரிக்கையும் பலரைச் சென்றடையவில்லை.

கம்பியில்லா உணரி வலையமைப்புகளை ஆராயும் பொறியியலாளர்கள் இதற்கு வழி கூறுகின்றனர். ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இரு தனித்தனிப் பாதைகள் இருக்கவேண்டும். எந்தவொரு கருவி செயலிழந்தால் வலையமைப்பே இரண்டாகப் பிளவுபடுமோ, அதனை முன்கூட்டியே இனங்கண்டு அவ்விடத்தில் மாற்றுக் கருவியை வைக்கவேண்டும். அயற்கருவிகள் குறித்த இடைவெளிகளில் ஒன்றையொன்று விசாரிக்கவேண்டும். ஒன்று மௌனமானால் செய்தி உடனே வேறு பாதைக்குத் திரும்பவேண்டும். மத்திய நிலையத்துக்கு அண்மையிலுள்ளவை பிறவற்றின் செய்திகளையும் சுமப்பதால் அவற்றின் மின்கலங்களே முதலில் தீரும். ஆகவே அவற்றுக்கே கூடுதல் கவனம் தேவை.

இந்தப் பாடம் கருவிகளுக்கு மட்டும் உரியதன்று. கொழும்பில் விடுக்கப்படும் எச்சரிக்கை கொட்டியாரக்குடாவின் மீனவக் குடிசையை அடையும் வரையுள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் இது பொருந்தும். கோபுரம் பழுதானால் கைத்தொலைபேசி, அதுவும் செயலிழந்தால் வானொலி, அதன் பின்னர் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் என மாற்றுப் பாதைகள் ஒழுங்குசெய்யப்பட்டிருக்கவேண்டும்.

கருவி நிறுவும்போது விழா எடுக்கிறோம். அதன் மின்கலம் தீரும் நாளை எவரும் அறிவதில்லை. எச்சரிக்கைக் கட்டமைப்பு முழுவதும் குறித்த காலங்களில் பரீட்சிக்கப்பட்டு, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்பது தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்கு அறிவிக்கப்படவேண்டும். கருவியின் மௌனத்தைக் கடலின் அமைதியென எண்ணி ஏமாந்துவிடக் கூடாது என்பதே எமது வேண்டுகோளாகும்.