கணிப்பொறியின் இயங்குதளத்தைப் படிப்படியாகப் புதுப்பித்தல்

கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் பணிபுரியும் நிரல்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம் எனப்படும். ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கே பேணப்படுகிறது. அக்காலம் கழிந்தபின் அதில் காணப்படும் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படுவதில்லை. ஆகையால் இணையத்துடன் தொடர்புள்ள பொறியைப் பழைய பதிப்பிலேயே விட்டுவைத்தல் ஆபத்தாகும். பல பதிப்புகள் பின்தங்கிய பொறியை ஒரே தாவலில் முன்னேற்ற முயல்வதும் அதற்குக் குறையாத ஆபத்தே.

உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் 1993 முதல் உருவாக்கிவரும் டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. டெபியனின் புதிய பதிப்பு ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றும் சுமார் ஐந்தாண்டுகள் பேணப்படுகிறது.

ஹைதராபாத்தின் வடபகுதியில் உள்ள லோத்குண்டாவில் ஒரு பள்ளி அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவர் பதிவேடும் மதிப்பெண்களும் அங்குள்ள ஒரே பொறியில் இருக்கின்றன. அதில் இயங்குவது 2019இல் வெளிவந்த டெபியன் 10. அதற்கான நீண்டகாலப் பேணுதல் 2024 ஜூனில் முடிவுற்றது. 2025இல் வெளிவந்த 13ஆம் பதிப்பை அப்பொறி அடைய வேண்டுமாயின், 11, 12 ஆகிய இரண்டையும் கடந்தே செல்லுதல் வேண்டும்.

தாவுதல் ஏன் தகாது?

ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குச் செல்லும் வழி மட்டுமே சோதித்து உறுதி செய்யப்படுகிறது. பழைய அமைப்புகளைப் புதியவையாக மாற்றித்தரும் இடைக்கால ஏற்பாடுகளும் பெரும்பாலும் ஒரு பதிப்போடு நீக்கப்படுகின்றன. சான்றாக, அடிப்படை நிரல்கள் இருக்கும் கோப்புறைகளை ஒன்றாக இணைக்கும் மாற்றம் 12ஆம் பதிப்பில் கட்டாயமாயிற்று. 13ஆம் பதிப்போ அம்மாற்றம் முன்னரே நிறைவேறிவிட்டது எனக் கொண்டு ஆக்கப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் இடத்தின் பெயரமைப்பும் 11ஆம் பதிப்பில் மாறியது. இடையில் உள்ள படியை விட்டவர் அந்த மாற்றங்களையும் இழந்தவராவார்.

பதிவேடு போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் இருப்பின் எச்சரிக்கை மேலும் தேவை. டெபியன் 10இல் அதன் 11ஆம் பதிப்பும், அடுத்தடுத்த டெபியன் பதிப்புகளில் முறையே 13, 15, 17 ஆகியவையும் உள்ளன. புதியது பழையதன் கோப்புகளை நேரடியாகப் படிக்க இயலாது. தரவுகளை மாற்றிச் சரிபார்த்த பின்னரே பழைய நிரலை நீக்குதல் வேண்டும். அவசரப்பட்டு முன்னரே நீக்கினால், மதிப்பெண்கள் வட்டில் இருந்தும் அவற்றைத் திறக்க வழியின்றிப் போகும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

தரவுகள், அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றின் முழுப் பிரதியைத் தனி வட்டில் எடுத்து, அவ்வட்டைப் பொறியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு பொறியில் மீட்டுத் திறந்து பார்த்தல் அவசியம். திறக்க இயலாத பிரதி இல்லாத பிரதிக்கே சமம்.

பொறியின் செயலி எவ்வகையானது என்பதையும் அறிதல் வேண்டும். பழைய 32 பிட் பொறிகளுக்கு 13ஆம் பதிப்பில் நிறுவியும் கருநிரலும் வழங்கப்படவில்லை. அவற்றின் பயணம் 12ஆம் பதிப்போடு முடிகிறது. வட்டில் போதிய இடமும், மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். வசதியும் இருத்தல் நலம்.

ஒவ்வொரு படியிலும்

முதலில் தற்போதைய பதிப்பின் திருத்தங்கள் யாவற்றையும் நிறுவுக. டெபியனுக்கு வெளியிலிருந்து பெற்ற நிரல்களைக் குறித்துக்கொண்டு நீக்குக. வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தபின், நிரல்கள் பெறப்படும் இடங்களின் பட்டியலில் பதிப்பின் பெயரை மாற்றுக. புதிய நிரல்களைச் சேர்க்காத சிறு மேம்பாட்டை முதலிலும், முழு மேம்பாட்டைப் பின்னரும் நிகழ்த்துக.

பின் பொறியை மீண்டும் தொடங்கி, பதிவேடு திறக்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, தெலுங்கு எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா எனச் சோதிக்க வேண்டும். யாவும் சரியெனக் கண்டபின் மீண்டும் ஒரு பிரதி எடுத்து அடுத்த படிக்குச் செல்லலாம். தேர்வுக் காலத்தில் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

மாணவர் பயிலும் அறையில், சொந்தத் தரவு ஏதும் இல்லாத பொறிகளுக்கு இத்தனை படிகள் தேவையில்லை. ஒன்றில் புதிய பதிப்பை நேராக நிறுவிச் சோதித்து, ஏனையவற்றிலும் அவ்வாறே செய்யலாம்.

ஒவ்வொரு பொறியின் பதிப்பு, நிறுவிய நாள், பேணுதல் முடியும் நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் நன்று. அந்நாள் நெருங்குமுன் ஒரு படி ஏறிவிட்டால், மூன்று படிகளை ஒருசேரக் கடக்கும் தொல்லை பள்ளிக்கு நேராது.