பத்திரத்தில் 2,400, அளந்தால் 2,320: மண்ணூரில் வீடு கட்டும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ள மண்ணூரில் ஒரு குடும்பம் வீடு கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயரில் ஒரு கிரவுண்டு மனை. மகனுக்குப் பக்கத்திலேயே கம்பெனி வேலை. கீழே தங்களுக்கு வீடு, மேலே நாலு ரூம் போட்டு ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது திட்டம். பேங்க் லோன் கேட்டாயிற்று, மேஸ்திரியும் பேசியாயிற்று. "பிளான் அப்ரூவல் எல்லாம் இன்ஜினியர் பாத்துப்பாரு" என்று அந்த வேலையை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் பலரும் செய்வது இதைத்தான். ஆனால் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பிளான் சரியில்லை என்பதால் அல்ல. பத்திரம் ஒரு அளவு சொல்லும், பட்டா இன்னொன்று சொல்லும், நிலத்தில் டேப் பிடித்தால் மூன்றாவதாக ஒன்று வரும். இவை ஒத்துப்போகாமல் எவ்வளவு அழகாக பிளான் வரைந்தாலும் பயனில்லை.

ஏன் இங்கே இது பெரிய விஷயம்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்தடுத்து ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்போலோ டயர்ஸ், டெய்ம்லர் என ஆலைகள் வந்தன. விளைநிலங்கள் மனைகளாயின. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தங்க இடம் தேவைப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்க வேண்டிய அளவுக்கு அந்தத் தேவை பெரியது. மீதிப் பேர் தங்குவது சுற்றியுள்ள கிராமங்களின் வாடகை வீடுகளிலும் ரூம்களிலும்தான். அதனால் இங்கே வீடு என்பது குடும்பத்துக்கு வருமானமும் கூட. அனுமதி சிக்கினால் லோன், கரன்ட் இணைப்பு, வாடகை மூன்றும் சேர்ந்தே சிக்கும்.

திட்ட அனுமதி, கட்டட அனுமதி: இரண்டும் ஒன்றா?

இல்லை. திட்ட அனுமதி என்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 'இந்த இடத்தில் இந்தப் பயன்பாட்டுக்கு, இந்த அளவில் கட்டலாமா' என்ற கேள்விக்கான பதில் அது. கட்டட அனுமதி உள்ளாட்சி அமைப்பு தருவது. சிறிய வீடுகளுக்கு ஊராட்சி அளவிலேயே வேலை முடிந்துவிடும். அளவு பெரிதானால், முதலில் நகர் ஊரமைப்புத் துறையின் திட்ட அனுமதி, அதன்பிறகு உள்ளாட்சியின் கட்டட அனுமதி என்று வரிசை மாறும்.

இரண்டுக்கும் அடிப்படை விதிப் புத்தகம் ஒன்றுதான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் எல்லாமே அதில் இருக்கிறது.

எந்த அலுவலகம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022 அக்டோபரில் அரசாணை வெளியானது. காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளும் அதில் அடக்கம். எனவே சர்வே எண்ணைச் சொல்லி, விண்ணப்பம் யாரிடம் போகும் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

முதல் கட்டு: நிலத்தின் காகிதங்கள்

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல். இந்த ஐந்தும் கையில் இல்லாமல் பிளான் வரைய உட்காரக் கூடாது.

வில்லங்கச் சான்றை பதிவுத் துறை இணையதளத்தில் எடுக்கலாம். பட்டாவையும், எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் எடுக்கலாம். எடுத்ததும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெயர். அப்பா தவறிவிட்டு பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், விண்ணப்பிப்பது யார் என்ற கேள்வி வரும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல் என்ற வரிசையில் அதை முடித்துவிட வேண்டும். அண்ணன் தம்பிக்குள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட மனை என்றால் இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

இரண்டு, அளவு. பத்திரம் பெரும்பாலும் சதுர அடியில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏர் கணக்கில் பேசும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. 2,400 சதுர அடி மனை என்றால் பட்டாவில் ஏறக்குறைய 2.23 ஏர் இருக்க வேண்டும். பத்திரத்தில் 30-க்கு 80 அடி, தரையில் அளந்தால் 29-க்கு 80 என்றால் 2,320 சதுர அடிதான் தேறும். 80 சதுர அடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் போனது அகலத்தில் ஒரு அடி. பக்கத்தில் விட வேண்டிய இடைவெளியை விட்டபின் ரூமின் அகலத்தில்தான் அது குறையும். அளவு மாறுபட்டால் இரண்டில் குறைவானதையே கணக்கில் எடுப்பது வழக்கம். அதனால் பத்திர அளவை நம்பி பிளான் போட்டவர் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டிவரும். அரசு நில அளவரை வைத்து அளக்க முன்கூட்டியே விண்ணப்பிப்பது இந்தத் தலைவலியைக் குறைக்கும்.

மூன்று, லேஅவுட். மனை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் இருக்கிறதா? 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் ஏராளம். ஆனால் மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக 2017இல் மனை வரன்முறை விதிகள் வந்தன. அதற்கான எல்லைத் தேதி 2016 அக்டோபர் 20. பழைய மனை வாங்கியிருப்பவர்கள் வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று பத்திரக் கட்டில் தேடிப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

நான்கு, நிலத்தின் வகை. நஞ்சையா, புஞ்சையா, நத்தமா? பக்கத்தில் ஓடையோ வாய்க்காலோ ஏரிக்கரையோ இருக்கிறதா? புலப்படத்தில் மெல்லிய கோடாக இருக்கும் வாய்க்கால், நேரில் பார்த்தால் மண் மூடி மேடாகக் கிடக்கும். காகிதத்தில் அது இன்னும் வாய்க்கால்தான். விவசாய மண்டலத்தில் வரும் நிலத்துக்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவைப்படும். நீர்நிலையை ஒட்டிய இடத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வட்டாரத்துக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பது தெரியும்.

இந்தத் தொழில் பகுதிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. அந்த சர்வே எண் சிப்காட் நில எடுப்பிலோ, எண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் போகும் சென்னை எல்லைச் சாலைத் திட்டத்திலோ வருகிறதா? வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுவது பின்னாடி அழுவதைவிட மேல்.

இரண்டாவது கட்டு: பிளான்

வீட்டின் உள்ளமைப்பைக் காட்டும் படம் மட்டும் பிளான் ஆகிவிடாது. அனுமதிக்குப் போகும் தாளில் இவ்வளவும் இருக்க வேண்டும்:

• மனை எந்தச் சாலையில், எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் இட அமைவுப் படம்.
• மனையின் நான்கு பக்க அளவு, வடக்குத் திசை, முன்சாலையின் அகலம், நான்கு பக்கமும் விடும் இடைவெளி, கிணறு அல்லது போர்வெல், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்பு, வண்டி நிறுத்தம் ஆகியவற்றைக் காட்டும் மனைப் படம்.
• ஒவ்வொரு தளத்துக்குமான படம், முன்தோற்றம், குறுக்குவெட்டு. தளப் படங்கள் வழக்கமாக 1:100 அளவில் இருக்கும். அதாவது தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 1 மீட்டர்.
• பரப்பளவு அட்டவணை.
• உரிமையாளர் கையெழுத்து, பதிவுபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் கையெழுத்து.

இதில் அதிகம் கோட்டைவிடுவது சாலை அகலத்தில்தான். லேஅவுட் படத்தில் 30 அடி என்று இருக்கும், எதிர்வீட்டுப் படிக்கட்டும் திண்ணையும் போக நேரில் 24 அடிதான் இருக்கும். முன்னால் விட வேண்டிய இடைவெளியும், கட்டடத்தின் உயரமும் சாலை அகலத்தைப் பொறுத்தே முடிவாகின்றன. மனைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் படத்தில் மறைக்கக் கூடாது.

மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்எஸ்ஐ எனும் தளப் பரப்புக் குறியீடு சொல்கிறது. உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு அது பொதுவாக 2. மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்று பொருள். 2,320 சதுர அடி மனைக்கு 4,640 சதுர அடி. இது உச்ச வரம்புதான். இடைவெளியும் பார்க்கிங்கும் விட்டபின் அவ்வளவும் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

மண் பரிசோதனையும் கட்டமைப்புப் பொறியாளரும் எதற்கு?

2014 ஜூன் 28 அன்று போரூர் அருகே மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அனுமதிக் கடிதம் கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்காது, அஸ்திவாரம்தான் தாங்கும். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏரி மண், களிமண், கொட்டி நிரப்பிய மண் என்று மனைக்கு மனை மாறும் பகுதியில், இரண்டு மாடிதானே என்று மண் பரிசோதனையைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

'உடனடி அனுமதி' இருக்கிறதே?

இருக்கிறது. 2024 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளம் மற்றும் முதல் தளம் கொண்ட குடியிருப்புக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கும். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை. அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை என்பது சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் 'சுயசான்று' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதிகாரி முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் தவறுகளை இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். மனை அளவும் ஆவணமும் உண்மை என்று உறுதி சொல்வது உரிமையாளர்தான். பொய் என்று தெரியவந்தால் அனுமதி போகும், பொறுப்பும் அவர் தலையில்தான். அதனால் இந்த முறையில் விண்ணப்பிப்பவர் மேலே சொன்ன நிலக் காகிதங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மாடியில் நாலு ரூம்: வீடா, ஹாஸ்டலா?

மண்ணூர் குடும்பத்தின் திட்டத்தில் இருக்கும் சிக்கலான இடம் இது. அனுமதி கட்டடத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை, பயன்பாட்டுக்கும் சேர்த்தே தரப்படுகிறது. மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் அது குடியிருப்புதான். அதே மாடியில் ரூமுக்கு ஆறு பேர் என்று கட்டில் போட்டு, மெஸ் நடத்தினால் அது விடுதி. 'வீடு' என்று அனுமதி வாங்கி விடுதி நடத்துவது விதிமீறல். பெண்கள் தங்கும் விடுதி என்றால், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி உரிமமும் வேண்டும்.

இது வெறும் காகிதத் தகராறு இல்லை. எத்தனை பேர் தங்குவார்கள் என்பதை வைத்துத்தான் கழிவறை எத்தனை, செப்டிக் டேங்க் எவ்வளவு பெரியது, தீப்பிடித்தால் வெளியேற வழி எது என்று கணக்குப் போடப்படுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் போட்ட டேங்க் இருபத்தைந்து பேருக்குத் தாங்காது. நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குறுகிய படிக்கட்டுதான் வழி என்றால், விபத்து நாளில் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான். விடுதி நடத்துவதுதான் எண்ணம் என்றால், அதை முதலிலேயே இன்ஜினியரிடம் சொல்லி அதற்கேற்ற பிளான் போட்டு அதற்கே விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமதி இல்லாமலே கட்டிவிட்டால்?

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி கட்டுமானத்தை நிறுத்தவும், சீல் வைக்கவும், அகற்றச் சொல்லவும் அதிகாரம் உண்டு. 'கட்டி பத்து வருஷம் ஆச்சு, இனி யார் கேட்பா' என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. எவ்வளவு காலம் கடந்தாலும் அனுமதியற்ற கட்டுமானம் சட்டப்படியானது ஆகிவிடாது என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டட முடிவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் போன்ற இணைப்புகள் தர வேண்டும், வங்கிகளும் சான்றைச் சரிபார்த்தே கட்டடத்தின் மீது கடன் தர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்கு முடிவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் கட்டடம் அதில் வருமா என்பதை பிளான் போடும்போதே இன்ஜினியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் பட்டாவும் வில்லங்கச் சான்றும். அடுத்து நில அளவு. அளவு பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பிழைத்திருத்தல் பத்திரமோ பட்டா திருத்தமோ. அதன்பிறகு லேஅவுட் அங்கீகாரம் அல்லது வரன்முறை ஆணை. பிறகு மண் பரிசோதனை. அப்புறம்தான் பிளான், விண்ணப்பம். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பது அனுமதி கைக்கு வந்த பின்.

அனுமதி வந்ததும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டி முடிக்கும்வரை அங்கீகரிக்கப்பட்ட பிளானை எல்லோருக்கும் தெரியும்படி சைட்டில் வைக்க வேண்டும் என்பதும் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. அதன் ஒரு நகலை மேஸ்திரி கையில் கொடுத்து, அஸ்திவாரத்துக்கு மார்க் பண்ணும் அன்றைக்கு நான்கு பக்க இடைவெளியையும் கூடவே நின்று டேப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். சுண்ணாம்புக் கோட்டை ஒரு அடி தள்ளிப் போடுவது அன்றைக்கு ஐந்து நிமிட வேலை. கான்கிரீட் போட்ட பிறகு அது இடிக்கிற வேலை.