நெஞ்சையும் ஸ்கேன் பார்க்கலாம்
கர்ப்பிணிக்கு ஸ்கேன் என்றால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நினைவுக்கு வருவது வயிறுதான். அதே கருவியை நெஞ்சில் வைத்தால் நுரையீரலின் நிலையும் தெரியும். கர்ப்பத்தில் லேசான மூச்சிரைப்பு இயல்பு. ஆனால் கடும் ரத்தக்கொதிப்பாலோ இதய வால்வுச் சுருக்கத்தாலோ நுரையீரலில் நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. காற்று நிறைந்த நுரையீரல் திரையில் கிடைக்கோடுகளைக் காட்டும். நீர் சேர்ந்ததில் வெள்ளைக் கோடுகள் செங்குத்தாக இறங்கும். மூச்சுத்திணறலின் காரணத்தை இப்படிச் சில நிமிடங்களில் பிரித்தறியும் முறையை பிரான்ஸின் டேனியல் லிக்டன்ஸ்டைன் 2008இல் வெளியிட்டார்.

எக்ஸ்ரே போதாதா என்பது நியாயமான கேள்வி. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு; தேவையென்றால் தயங்கவே கூடாது. ஆனால் மூச்சு முட்டுகிறவரை நகர்த்தாமல், மருந்து கொடுத்தபின் மறுபடியும் பார்க்க ஸ்கேன்தான் வசதி. அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தாலும் படம் இயல்பாகத் தெரியலாம். வெள்ளைக் கோடுகள் நிமோனியாவிலும் வரும். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவிக்குப் பதிவு கேட்கிறதே என்றால், அந்தக் கட்டுப்பாடு வேண்டியதே. குறை கருவியில் இல்லை, நெஞ்சைப் பார்க்கும் பயிற்சியில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரை 70 கிலோமீட்டருக்கும் அப்பால். நுரையீரலில் நீர் என்று இங்கேயே தெரிந்தால், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே ஆக்சிஜனோடு நீரை வெளியேற்றும் ஊசியையும் தொடங்கிவிடலாம்.