பத்து ஆண்டு அனுபவத்துக்கு எங்கே போவது?

காலை ஏழரை மணிக்குப் பூன் லே பேருந்து நிலையத்தில் நீளமான வரிசைகள் நிற்கும். 179ஆம் எண் பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள். சற்றுத் தள்ளி நிற்பவர்கள் துவாஸ் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். அங்கே கணினி படிக்கும் இளையர்களுக்குக் குறைவில்லை. இங்கே இயந்திரம் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. இரண்டும் தெரிந்த ஒருவரைத்தான் ஏழு மாதமாகத் தேடுகிறேன்.

இந்த வட்டாரத்தில் உள்ள ஓர் உற்பத்தி நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளைப் பராமரிக்கவும் இணைய ஊடுருவலிலிருந்து காக்கவும் ஓர் ஆள் வேண்டும். இப்போது அதைச் செய்துவரும் மூத்த பொறியாளர் அடுத்த ஆண்டு விடைபெறப் போகிறார். வந்த விண்ணப்பங்களில் செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமல் அதன் மென்பொருளை மாற்றிய அனுபவம்தான் ஒருவரிடமும் இல்லை.

‘இந்தியாவிலிருந்து கொண்டுவர வேண்டியதுதானே’ என்று நண்பர்கள் எளிதாகக் கேட்கிறார்கள். 2023 செப்டம்பர் முதல் புதிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பங்களுக்கு ‘காம்பஸ்’ புள்ளிமுறை இருக்கிறது. 40 புள்ளி தேவை. கோயம்புத்தூரிலிருந்து 34 வயதுப் பொறியாளர் ஒருவர் வருவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டத்துக்கு 10. அதே துறையில் அதே வயதுள்ள உள்ளூர் நிபுணர்களோடு ஒப்பிட்டால் ஓரளவு நல்ல சம்பளம் என்பதற்கு 10. உள்ளூர் ஊழியர் விகிதத்துக்கு 10. நான்காவதாக நாட்டினப் பன்முகத்தன்மை. நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகப் பணிகளில் கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே ஒரே நாட்டவர் என்றால், அந்நாட்டிலிருந்து வரும் அடுத்தவருக்குச் சுழியம். ஆக மொத்தம் 30. சம்பளத்தை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றினால் இன்னும் பத்துப் புள்ளி கிடைக்கும். ஆனால் அவர் தம் மேலாளரைவிட அதிகம் வாங்குவார். அதன் பிறகு அந்தக் குழு குழுவாக இருக்குமா?

பற்றாக்குறைப் பணிகளின் பட்டியலில் உள்ள வேலைக்குக் கூடுதல் புள்ளி உண்டு; இணையப் பாதுகாப்புப் பணிகள் சில அதில் இருக்கின்றன. ஆனால் எங்கள் வேலையில் பாதி இணையப் பாதுகாப்பு, பாதி ஆலைத்தளத்து எண்ணெய்க் கறை.

இந்த விதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ‘இத்தனை ஆண்டுகளில் இங்கே யாரை வளர்த்தாய்?’ என்றுதான் அது கேட்கிறது. 1972இல் இதே போன்ற பற்றாக்குறை வந்தபோது பொருளியல் வளர்ச்சிக் கழகம் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. துல்லியக் கருவி செய்யும் கைத்திறனை இளையர்கள் அங்கே பழகினார்கள். தேர்ந்தவர்கள் வரட்டும் என்று அன்று யாரும் காத்திருக்கவில்லை.

இன்று நாங்கள், அதாவது தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்கள், கூடும் இடத்தில் எல்லாரும் கேட்பது எட்டு, பத்து ஆண்டு அனுபவம். ஆனால் முதலாண்டு வேலையை வெளி ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சத்தை இப்போது செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுக்கிறோம். 2025 பிப்ரவரியில் டிபிஎஸ் வங்கி, மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 4,000 ஒப்பந்த, தற்காலிகப் பணிகள் குறையும் என்று அறிவித்தது. கூடவே செயற்கை நுண்ணறிவு சார்ந்த சுமார் 1,000 புதிய பணிகள் வரும் என்றது. முதல் எண்ணில் இருப்பவர் இரண்டாவது எண்ணுக்குள் எப்படிப் போவார் என்பதுதான் எல்லா நிறுவனங்களுக்கும் உள்ள கேள்வி. முதற்படி இல்லாத ஏணியில் பத்தாவது படிக்கு ஆள் தேடுகிறோம்.

ஒருவழியாக எங்கள் ஆலையிலேயே ஒருவரைக் கண்டுபிடித்தேன். 46 வயது, பராமரிப்புத் தொழில்நுட்பர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பகுதி பழுது என்று சொல்லிவிடுவார். 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் தரப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை அவர் கணக்கில் அப்படியே இருந்தது. எங்கள் குழுவுக்கு வருகிறீர்களா அண்ணே என்று கேட்டேன். வகுப்புக்குப் பயப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

“படிச்சிடலாம் தம்பி. ஆனா ராத்திரி ஷிஃப்டு அலவன்ஸ் போயிடுமே? மக பாலிடெக்னிக்ல இருக்கா.”

பெரிய மாநாடுகளில் திறனாளர் பற்றாக்குறை பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். இரவுப்பணிப் படியைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பகல் வேலைக்கு மாறினால் அவர் கைக்கு வரும் பணம் குறையும். ‘புதியவருக்கு இந்தச் சம்பளம்தான்’ என்று மனிதவளப் பிரிவின் அட்டவணை சொல்கிறது; 22 ஆண்டு ஆலையில் இருந்தவரையும் அது புதியவராகவே பார்க்கிறது. வெளியாளைப் பிடிக்க முகவருக்குக் கொடுக்க இருந்த கட்டணத்தைக் காட்டி, அதில் ஒரு பகுதியை இவருக்குத் தரலாமே என்று மூன்று கூட்டங்களில் வாதாடினேன். ஆறு மாதத்துக்கு மட்டும் படியைத் தொடர ஒப்புக்கொண்டார்கள்.

வாரம் இரண்டு மாலை அவர் வகுப்புக்குப் போகிறார். வியாழக்கிழமைகளில் மூத்த பொறியாளரும் அவரும் ஒரே திரையின் முன் உட்காருகிறார்கள். இவர் அவருக்கு வால்வுகளைப் பற்றிச் சொல்ல, அவர் இவருக்குக் கட்டமைப்பு வரைபடத்தை விளக்குகிறார். பேச்சு பாதி தமிழ், பாதி மலாய். ஆறு மாதத்தில் இரண்டு முடிந்துவிட்டது. நான்காவது கூட்டத்துக்கு நாள் கேட்டிருக்கிறேன்.