ஒரு பாறைக்கு இரு நாடுகள்

நாட்டுக்குள் இருவர் நிலத்திற்காகச் சண்டையிட்டால் ஒருவர் வழக்குத் தொடுத்தாலே போதும். மற்றவர் மன்றத்தின் படியேறியே ஆகவேண்டும். நாடுகளுக்கு இக்கட்டாயம் கிடையாது. தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம், இரு தரப்பின் இசைவின்றி எவ்வழக்கையும் விசாரிக்க இயலாது. அவ்விசைவு முன்பே செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கலாம். ஒரு சச்சரவுக்கென்றே புதிதாகவும் எழுதப்படலாம்.

நம் கடலிலேயே இதற்குச் சான்று உண்டு. ஜொகூரிலிருந்து ஏறத்தாழ 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல் தொலைவில் ஒரு பாறைத்தீவு இருக்கிறது. போர்த்துகீசியர் பெட்ரா பிராங்கா என்றனர். மலாயர் பத்து பூத்தே என்றனர். இரண்டுக்கும் பொருள் வெள்ளைப் பாறையே. 1851ஆம் ஆண்டு முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அதன்மேல் நிற்கிறது. 1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் அப்பாறையைத் தன் எல்லைக்குள் காட்டிற்று. 1980இல் சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. பேச்சில் முடிவு காணாமல், 2003இல் இரு நாடுகளும் தீர்ப்பு எதுவாயினும் ஏற்போம் என ஒப்பந்தம் எழுதி மன்றத்தை நாடின.

மன்றத்தின் நீதிபதிகள் பதினைவர். அவர்களுள் தன் நாட்டார் இல்லாத தரப்பு, அவ்வழக்குக்கு மட்டும் ஒருவரைத் தெரிந்தெடுக்கலாம். இரு நாடுகளும் அவ்வாறே செய்தன.

வழக்கின் உயிர்நிலை ஒரு கடிதம். கடலெல்லையை வரையறுப்பதற்காக அப்பாறையின் நிலையை விசாரித்து, 1953இல் சிங்கப்பூரின் காலனிச் செயலகம் ஜொகூருக்கு எழுதிற்று. ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலர், அப்பாறையின் உடைமையை ஜொகூர் அரசு கோரவில்லை என்று மறுமொழி விடுத்தார். உடைமை வேறு, இறையாண்மை வேறு. மேலும் அவ்வாறு எழுத அவருக்கு அதிகாரமே இல்லை என மலேசியா வாதிட்டது. மன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. நாட்டுக்கு நாடு எழுதும்போது அச்சொல் இறையாண்மையையே குறிக்கும் என்றது. சொல்லாராய்ச்சியை வெட்டிவேலை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம்!

கடிதம் மட்டுமே முடிவு செய்யவில்லை. பாறையருகே நேர்ந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது, அங்குச் செல்லவந்த மலேசிய அலுவலர்களுக்கு அனுமதியளிப்பதும் மறுப்பதுமாக நடந்தது, கருவிகள் நிறுவியது. மலேசியா வாளாவிருந்தது. அதற்கும் மேலாக, 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட வரைபடங்கள் சில, பாறையின் பெயரருகே சிங்கப்பூர் என்றே அச்சிட்டிருந்தன. ஆதியில் உரிமை ஜொகூர் சுல்தானுடையதே என மன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தால் அது 1980க்குள் சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்றது.

2008 மே 23இல் தீர்ப்பு வந்தது. 12க்கு 4 என்ற கணக்கில் பாறை சிங்கப்பூருக்கு. அருகிலுள்ள நடுப்பாறைகள் 15க்கு 1 என மலேசியாவுக்கு. வற்றுநீரில் மட்டும் தலைகாட்டும் தென்மேடு, எவருடைய கடலில் அமைகிறதோ அவருக்கே என்று கூறிய மன்றம், கடலெல்லையைத் தான் வரையவில்லை. அது தன்னிடம் கேட்கப்பட்ட வினாவன்று என்பதே காரணம். புதிய சான்றுகள் கிடைத்தனவென்று 2017இல் மலேசியா மறுபரிசீலனை கோரியது. 2018இல் அம்மனுவைத் தானே மீட்டுக்கொண்டது.