டெம்பிள் ரன் 2: ஓட்டம் சூப்பர்... விழுந்த பிறகு வரும் கணக்குதான் இடிக்குது!

வில்லியனூர், பாகூர் பக்கம் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போகும்; சாயங்காலம் பிள்ளைகள் கைக்கு வரும். அந்த போனில் இன்னமும் இடம் பிடித்திருக்கும் கேம்களில் ஒன்று ‘டெம்பிள் ரன் 2’. வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. அப்படி இதில் என்ன இருக்கு? எங்கே சறுக்குது? பார்க்கலாம்.

முதல் பாகத்தில் இருந்து என்ன மாறியது?

கீத் ஷெப்பர்ட், நடாலியா லக்கியனோவா என்ற அமெரிக்கத் தம்பதியின் ‘இமாங்கி ஸ்டுடியோஸ்’ 2011இல் முதல் பாகத்தை வெளியிட்டது. கோயிலில் இருந்து சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாயகன், துரத்தும் பேய்க் குரங்குகள். கதை அவ்வளவுதான்.

2013 ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தது. இரண்டே வாரத்துக்குள் 5 கோடி டவுன்லோடு! நேர்க்கோட்டுப் பாதைக்குப் பதில் வளைவும் மேடு பள்ளமும் வந்தன. கயிற்றில் தொங்கிச் சறுக்கலாம், சுரங்க வண்டியில் பாயலாம். பின்னால் வருவது ஒரே குரங்குதான், ஆனால் ராட்சத சைஸ்!

எதில் ஜெயிக்கிறது?

முதல் ப்ளஸ், கற்றுக்கொள்ளப் படிப்போ ஆங்கிலமோ தேவையில்லை. விரலால் இழுத்தால் திரும்பும், தாவும், குனியும். போனைச் சாய்த்தால் ஓரம் போகும். ஐந்து வயசுக் குழந்தைகூட பார்த்தே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, நெட் இல்லாமலும் ஓடும். டேட்டா தீர்ந்த நாளிலும் ஆட்டம் நிற்காது.

மூன்றாவது, ஓட்டத்தில் சேர்க்கும் காசைப் பொறுத்து சக்தி நிரம்பும். திரையை இருமுறை தட்டினால் காந்தமோ கவசமோ கிடைக்கும். எப்போது தட்டுவது என்று யோசிக்க வைப்பது முதல் பாகத்தைவிட ஒரு படி மேல்.

எங்கே சறுக்குகிறது?

பாதைக்கு முடிவு கிடையாது. சிலையோடு நாயகன் எங்கேயும் போய்ச் சேர மாட்டான். அரை மணி நேரத்தில் அதே வளைவு, அதே பாலம் திரும்ப வரும்.

பெரிய குறை வேறு. விழுந்ததும் திரையில் ‘சேவ் மீ’ பட்டன் தோன்றும். ஒரு பச்சைக் கல், அதாவது ‘ஜெம்’ கொடுத்தால் விழுந்த இடத்திலேயே எழுந்து ஓடலாம். அதே ஓட்டத்தில் மறுபடி விழுந்தால் 2 கல். அப்புறம் 4, 8, 16... ஐந்து முறை எழ மொத்தம் 31 கல். ஏழு முறை என்றால் 127. தேர்த் திருவிழா ராட்டினத்தில்கூட இரண்டாவது சுற்றுக்கு அதே டிக்கெட் விலைதான். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் விலை இரட்டிப்பு!

முதல் பாகத்திலும் மறுபடி பிழைக்க ‘சிறகு’ உண்டு. ஆனால் விழுவதற்கு முன்பே யோசித்து அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே விழுந்த பதற்றத்தில், சில நொடிக்குள் முடிவெடுக்கச் சொல்கிறார்கள். ஓடும்போது கிடைக்கும் கல் கொஞ்சம்தான். மிச்சத்தை நிஜப் பணத்தில் வாங்கலாம். அதனால் ‘ஹை ஸ்கோர்’ திறமையால் வந்ததா, கல்லால் வந்ததா என்றே சொல்ல முடியாது.

இது சூதாட்டமா?

இல்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இதில் ஜெயித்துப் பணம் வராது, போவது மட்டும்தான். ஆகவே காவல் வீட்டில்தான் தொடங்க வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* ப்ளே ஸ்டோரில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ் போங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி அமையுங்கள்.

* யுபிஐ ரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

* ஆடக் கொடுக்கும்போது நெட்டை அணைத்துக் கொடுங்கள். விளம்பரத் தொல்லையும் குறையும்.

* வீட்டுக்குள் ஒரு விதி வையுங்கள்: ‘சேவ் மீ’ தொடாமல் யார் அதிக தூரம்? அப்போதுதான் அது நிஜமான போட்டி. நீங்களும் ஒரு ரவுண்டு ஓடிப் பாருங்கள், பிள்ளைகளிடம் தோற்பது உறுதி!